மூணு பிபி மாத்திரை போட்டும் அப்பாவுக்கு இறங்கல, குறட்டைதான் காரணமா?

பிறை_மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு, பட்டர்வொர்த்ல இருந்து கேஎல்லுக்கு நைட்ல லோரி ஓட்டுறாரு. அம்லோடிபின், பெரிண்டோப்ரில், அப்புறம் ஒரு தண்ணி மாத்திரை (ஒண்ணுக்கு அதிகமா போக வைக்கிறது), மூணும் ஒழுங்காதான் போடுறாரு, நான்தான் எடுத்துக் குடுக்கறேன், அப்படியும் தூங்கி எழுந்ததும் பார்த்தா 160/95ன்னு காட்டுது, வேலைக்குக் கிளம்புறப்ப கொஞ்சம் கம்மி. குறட்டை பக்கத்து வீட்டுக்கே கேக்கும், நடுவுல சத்தமே நின்னு போயி அப்புறம் திணறி முழிப்பாருன்னு அம்மா சொல்றாங்க. கிளினிக் கெசிஹாத்தான் (கவர்மெண்ட் கிளினிக்) டாக்டர் ஸ்லீப் ஸ்டடிக்கு லெட்டர் குடுத்திருக்காங்க. அப்பா என்னடான்னா "தாத்தாவும்தான் குறட்டை விட்டாரு, அதுக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்"ங்கறாரு. நெஜமாவே சம்பந்தம் இருக்கா? தூங்குறப்ப மூச்சுக்கு மெஷின் வெச்சா மாத்திரைய நிறுத்திடலாமா?

செந்தூல்_மணி:
இருக்கு தங்கச்சி, நல்லாவே இருக்கு. நானும் சீபாப் மாஸ்க் போட்டுத்தான் தூங்குறேன், மூச்சுப்பாதை ஒட்டாம காத்த அழுத்தி அனுப்புற மெஷின் அது. எழுந்ததும் தலைவலி, நைட்ல அடிக்கடி ஒண்ணுக்கு, மத்தியானம் மீட்டிங்ல தலை தொங்கிடும், எல்லாரும் சுகர்னாங்க, டெஸ்ட் பண்ணா சுகரே இல்ல. ஸ்லீப் ஸ்டடியில மணிக்கு எத்தன தடவ மூச்சு நிக்குது, கொறையுதுன்னு எண்ணுவாங்க, 5க்கு கீழ இருந்தா நார்மல், 30 தாண்டினா சிவியர், நான் சிவியர் கேஸ். மெஷின் வந்தப்புறம் தலைவலி போச்சு, தூக்கம் தெளிஞ்சது, ஆனா மாத்திரை இன்னும் போடுறேன், அத எதிர்பாத்து வாங்காதீங்க லா.

வார்டு_அக்கா:
நான் நர்ஸ்மா. தூங்குறப்ப தொண்டை தசை தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்குது, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, ஒடம்பு பயந்துபோயி அட்ரினலினைக் கொட்டுது, ரத்தக்குழாய் இறுகி பிபி ஜிவ்வுன்னு ஏறுது, ராத்திரி பூரா இதேதான், இதுக்குப் பேருதான் ஸ்லீப் ஆப்னியா. சாதாரணமா தூக்கத்துல பிபி 10லருந்து 20 சதவீதம் இறங்கணும், இவங்களுக்கு அந்த எறக்கமே வராது, அதான் எழுந்ததும் ஜாஸ்தி. தண்ணி மாத்திரையோட சேர்த்து மூணு மருந்து சரியான டோஸ்ல போட்டும் கட்டுக்குள்ள வரலன்னா ரெசிஸ்டன்ட்னு சொல்லுவோம், அந்த மாதிரி ஆளுங்கள்ல ஸ்லீப் ஆப்னியா ரொம்ப சகஜம். 24 மணி நேர பிபி மெஷின் மாட்ட முடியுமான்னு கேளுங்க, அப்பா பகல்ல தூங்குறவரு, எப்ப தூங்குனாருன்னு எழுதிக் குடுங்க, இல்லன்னா ரிப்போர்ட்ட தப்பா படிச்சிடுவாங்க.

சீபாப்னால பிபி சராசரியா 2, 3 பாயிண்ட்தான் கொறையும், ரெசிஸ்டன்ட் ஆளுங்களுக்கு கொஞ்சம் கூட கொறையலாம், அதுவும் தூங்குறப்ப 4 மணி நேரத்துக்கு மேல போட்டாதான். அதனால மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. எனக்கு பிபிய விட லோரிதான் பயம். ஸ்டேரிங்ல கண்ணு சொக்குதான்னு அப்பாகிட்ட நேரா கேளுங்க, ஆமான்னா டாக்டர்கிட்ட மறைக்க வேணாம், டெஸ்ட் சீக்கிரம் வேணும்னு கேளுங்க.

ஆயிர்ஈத்தாம்_தம்பி:
மெஷின் சில ஆயிரம் ரிங்கிட் வருது, விக்கிறவனுக்குத்தான் லாபம். நாசி கண்டார் குழம்ப கொறச்சு பத்து கிலோ எறக்க சொல்லுங்க, குறட்டை தன்னால போயிடும்.

வார்டு_அக்கா:
தம்பி, எடை கொறஞ்சா நல்லதுதான், ஆப்னியாவும் பிபியும் ரெண்டுமே கொறையும். ஆனா பத்து கிலோ எறங்குற வரைக்கும் அவரு ஹைவேல ஓட்டிட்டுதானே இருப்பாரு? ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது வருது, தாடை அமைப்பு, டான்சில்னு வேற காரணமும் இருக்கு. பிறை மகளே, படுக்கறதுக்கு முன்னாடி பீர் குடிக்கிற பழக்கம் இருந்தா அத மொதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க, தொண்டைய இன்னும் தளர்த்திடும். மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுத்தா சில பேருக்கு கொறையும்.

பிறை_மகள்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. கேட்டேன், ஜூரு டோல் கிட்ட வர்றப்ப கண்ணு இழுக்குதுன்னு ஒத்துக்கிட்டாரு, அம்மா முகமே மாறிடுச்சு. நாளைக்கே கிளினிக்குக்கு போன் பண்ணி தேதிய முன்னாடி தள்ள முடியுமான்னு கேக்கப்போறேன். டெஸ்டுக்கு வரேன்னுட்டாரு, ஆனா மீசைய மட்டும் எடுக்க மாட்டாராம். மீசையோட மாஸ்க் ஒட்டுமா?

செந்தூல்_மணி:
ஹாஹா, எனக்கும் மீசை இருக்கு. மூக்கு ஓட்டையில மட்டும் வைக்கிற சின்ன டைப் இருக்கு, பில்லோன்னு கேளுங்க, நான் அதான் போடுறேன். வாயத் தொறந்து தூங்குறவருன்னா காத்து வாய் வழியா போயிடும், அப்ப வேற மாடல் பார்க்கணும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாடல மாட்டிப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்க, கடையில ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.