பேடில் நகர்ந்துகொண்டே இருக்கிறது, மலையில் எப்படி இறுக்கி வைப்பது?

மலைக்காற்று:
வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டுப் பக்கம் பாறை மேல் உட்கார்ந்து ஹாம் ரேடியோவில் 7, 14 மெகாஹெர்ட்ஸில் சி.டபிள்யூ., அதாவது மோர்ஸ், அனுப்புவது வழக்கம். ரிக் (ரேடியோ) ஐசி-705, 5 வாட், எண்ட் ஃபெட் ஆண்டெனா (ஒரு முனையில் மட்டும் இணைக்கும் ஒயர்). பேடில் (விரலால் தட்டி மோர்ஸ் அனுப்பும் சாவி) இரட்டை நெம்பு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடையே இல்லை. அதனால் வேகமாக அனுப்பும்போது பக்கவாட்டில் ஓடுகிறது. இடது கையால் பிடித்துக்கொண்டால் தொடர்புகளைக் குறிக்கும் லாக் நோட்டைப் பிடிக்க ஆளில்லை. அடியில் நியோடிமியம் காந்தம் ஒட்டி எவர்சில்வர் தட்டில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: சில நேரம் ஒரு டிட் (மோர்ஸ் புள்ளி) கூடுதலாகப் போய், மூன்று டிட் உள்ள எஸ் அனுப்பினால் எதிர்முனையில் நாலு டிட் உள்ள எச் என்று எடுக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

லேத்பட்டறை:
எவர்சில்வர் சாமான் பெரும்பாலும் 304 அல்லது 202 ரகம், அதில் காந்தம் பிடிக்காது. 430 ரகத்தில் பிடிக்கும், ஆனால் அதைத் தேடி அலைய வேண்டாம். வெல்டிங் பட்டறையில் 1 மி.மீ. சாதா இரும்புத் தகட்டில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள், ஓரத்தை அரம் போட்டுவிட்டு பெயிண்ட் அடித்தால் துருவும் ஏறாது.

காந்தத்தை மட்டும் நம்பவும் கூடாது. மேலே தூக்கினால் எவ்வளவு உறுதியாக நிற்கிறதோ, பக்கவாட்டில் தள்ளினால் அதில் ஒரு சிறு பங்குதான் நிற்கும், வழவழப்பான தகட்டில் சறுக்கிக்கொண்டே போகும். நம் விரல் தள்ளுவதோ முழுக்கப் பக்கவாட்டில்தான். அதனால் பேடிலின் அடியில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள், பழைய சைக்கிள் டியூப் போதும். காந்தத்தின் முகத்தில் மட்டும் ரப்பர் வரக்கூடாது, இடைவெளி கொஞ்சம் கூடினாலும் பிடிப்பு மளமளவென்று குறைந்துவிடும். ரப்பர் தகட்டில் அழுந்த வேண்டும், காந்தம் தொட்டும் தொடாமலும் நின்றால் சரி.

கீயர்_ராஜா:
அந்தத் தகட்டைப் பரீட்சை அட்டையில் போல்டு போட்டு முடுக்கி, அட்டையை வெல்க்ரோ பெல்ட்டால் தொடையில் கட்டிவிடுங்கள் ஓ.எம். (நண்பரே), கிளிப்பில் லாக் தாள் நிற்கும், இடது கை சும்மா இருக்கும். பெல்ட் ஒன்று போதாது, அட்டை சுழலும், முன்னும் பின்னும் இரண்டு போடுங்கள். அப்புறம் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கான்டாக்ட் இடைவெளியை ஒரு சாதாரண தாள் நுழையும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். பேடில் நகர்வதில் பாதி நாம் அடித்து அனுப்புவதால் வருவது, தொட்டாலே போதும் என்று ஆகிவிட்டால் அந்தச் சின்ன எடையே அடங்கி நிற்கும்.

மலைக்காற்று:
நன்றி அண்ணா. ரிக்கின் அடியில் கால் அங்குல டிரைபாட் துளை இருக்கிறதே, பேடிலை ரிக்கோடே சேர்த்து மாட்டிவிடலாமா?

லேத்பட்டறை:
மாட்டலாம், ஆனால் எனக்கு அது பிடிக்காது. பேட்டரியோடு சேர்த்து ரிக் 1.1 கிலோதான், பாறையில் ஆடினால் பேடிலும் சேர்ந்து ஆடும், கை ரிக் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். தொடைதான் நல்லது. கேபிளை மட்டும் பேடிலிலிருந்து நேராக இழுக்காமல், ஒரு வளையம் விட்டு அட்டையில் டை போட்டுக் கட்டுங்கள். தடித்த ஆடியோ கேபிள் வேண்டாம், அதன் விறைப்பே பேடிலைத் திருப்பிவிடும்.

கீயர்_ராஜா:
கூடுதல் டிட் வேறு கதையாக இருக்கலாம். பிரேக்-இன்னை (பேடிலைத் தட்டியதும் ரிக் தானே ஒலிபரப்பும் வசதி) ஆஃப் செய்துவிட்டு சைடுடோனை (நாம் அனுப்புவதை ரிக் நமக்கே கேட்க வைக்கும் ஒலி) மட்டும் கேட்டு அனுப்பிப் பாருங்கள். அப்போதும் டிட் கூடினால் இடைவெளி மிகக் குறைவு, அல்லது 3.5 மி.மீ. பிளக் லூஸ். பவர் போகும்போது மட்டும் கூடினால் ஆர்.எஃப். (ஆண்டெனாவின் ரேடியோ அலை) கேபிளில் ஏறுகிறது, எண்ட் ஃபெட்டில் இது சகஜம். கவுண்டர்பாய்ஸ் ஒயர் (ஆண்டெனாவுக்குத் தரை இணைப்பு போல) ஒன்று கட்டி, பேடில் கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றி, முடிந்தவரை குட்டையாக்குங்கள்.

மலைக்காற்று:
செய்து பார்த்தாயிற்று. பிரேக்-இன் ஆஃபில் சுத்தமாக இருந்தது, ஆக ஆர்.எஃப்.தான். ஃபெரைட் மட்டும் போட்டபோது குறைந்தது, கவுண்டர்பாய்ஸும் கட்டிய பிறகு முழுவதும் நின்றுவிட்டது. டியூப் ரப்பரோடு பேடிலும் அசையவில்லை. பெல்ட் இன்னும் ஒன்றுதான், இரண்டாவதை இந்த வாரம் தைக்கக் கொடுக்கிறேன். 73 (வாழ்த்துகள்).