குர்தி முன்பாகத்தில் டிஜிட்டல் பிரிண்ட் இடம் தள்ளிப்போகிறது: எதை மாற்ற வேண்டும்?

கிருஷ்ணகிரி_கட்டிங்:
காட்டன் கேம்ப்ரிக் குர்தி. முன்பாகம் 110 செ.மீ. நீளம், அடியில் பார்டர். கேட் (CAD) மென்பொருளில், அதாவது கணினியில், பேட்டர்ன் (வெட்டு வடிவம்) போட்டு, அதன் மேலேயே டிசைனை அமைத்து ஃபைல் கொடுத்தோம். ரியாக்டிவ் பிரிண்ட் (பருத்தி இழையோடு பிணையும் சாயம்), அது பிடிக்க ஸ்டீம், பிறகு வாஷ் முடிந்து வந்த துணியில் நீளம் 4.5 செ.மீ. குறைகிறது. கழுத்தைப் பொருத்தினால் பார்டர் மேலே ஏறுகிறது. நிறமும் திரையில் இருந்ததைவிட மங்கல். துணி பர்கூரில் எடுத்தது.

பாவு_ஊடை:
கோளாறு பேட்டர்னில் இல்லை, துணியின் சுருக்கத்தில். அதே ரோலில் முன்பதம் (பிரிண்டுக்கு முன் துணிக்கு ஏற்றும் ரசாயனக் கலவை) முடிந்த துணியில் 50 x 50 செ.மீ. சதுரம் அழியாத மையில் வரைந்து, பிரிண்ட் யூனிட்டிலேயே ஸ்டீம், வாஷ் இரண்டையும் கடக்கவிட்டு, காய்ந்ததும் அளந்து பாருங்கள். பாவு (நீள நூல்) வாக்கில் 48, ஊடை (குறுக்கு நூல்) வாக்கில் 49 வந்தால், பிரிண்ட் ஃபைலை நீளத்தில் 104.2%, அகலத்தில் 102% பெரிதாக்க வேண்டும். 110 செ.மீ. பாகம் ஃபைலில் 114.6 ஆகும். இரண்டு பக்கமும் ஒரே சதவீதம் கொடுத்தால் வட்டப் பூ முட்டை வடிவமாகிவிடும். வெட்டும் பேட்டர்னைத் தொடாதீர்கள், அது 110 ஆகவே இருக்கட்டும். ரோல் மாறினால் சோதனையும் மறுபடி.

அரூர்_டிசைன்:
நிறத்துக்கு முதலில் துணியைச் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் நாலு நூல் உருவி எரியுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பல் என்றால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. ரியாக்டிவ் சாயம் அந்த இழையில் பிடிக்காது, எத்தனை முறை ஸ்டீம் செய்தாலும் வெளிறித்தான் வரும்.

துணி சரியென்றால் அடுத்தது ஸ்டீம். 102 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வேண்டும். ஸ்டீமுக்கு முன் இந்தச் சாயம் மங்கலாகத்தான் தெரியும், அதைப் பார்த்து ஃபைலில் அடர்த்தியைக் கூட்டிவிடாதீர்கள். திரையை நம்பாமல் 1 மீட்டர் சாம்பிள் எடுத்து, வாஷ் ஆனபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

கிருஷ்ணகிரி_கட்டிங்:
நன்றிங்க. சாம்பிள் வாஷை இங்கேயே போர் தண்ணீரில் செய்யலாமா?

அரூர்_டிசைன்:
வேண்டாங்க. நம் பக்கம் பல இடத்தில் போர் தண்ணீர் கடினமானது. முன்பதத்தில் போடும் ஆல்ஜினேட் என்ற பசை, அந்தத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். துணி விறைக்கும், பிடிக்காத சாயம் முழுதாக வெளியேறாமல் பிறகு வெள்ளை இடத்தில் இறங்கும். மென்னீர் கிடைக்காவிட்டால் கால்கன் (நீரின் கடினத்தைக் குறைக்கும் பொடி) சேர்த்து, முதலில் குளிர்நீர், பிறகு சோப்போடு கொதிநீர், கடைசியில் மறுபடி குளிர்நீர். அலசும் நீர் தெளியும்வரை விடக்கூடாது.

பாவு_ஊடை:
கட்டிங்கில் ஒன்று. இடம் பார்த்துப் பதித்த பிரிண்டை 40 லேயர் அடுக்கி வெட்ட முடியாது. ஊடை லேசாக வளைந்திருந்தாலே கீழ் லேயர்களில் பார்டர் விலகும். வெட்டுக்கோட்டையும் நாட்ச் குறிகளையும் (தைக்கும்போது பாகங்களைப் பொருத்தும் அடையாளங்கள்) வெளிர் சாம்பல் நிறத்தில் ஃபைலிலேயே சேர்த்து, கோட்டுக்கு வெளியே 1.5 செ.மீ. டிசைன் நீளவிட்டு, ஒவ்வொரு லேயராக வெட்டுங்கள். கூலி கூடும். அதை ஆர்டர் விலை பேசும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.