கானாடுகாத்தான் அரண்மனை: கைவேலையின் வரலாறா, பர்மாப் பணத்தின் வரலாறா?

செம்புறாங்கல்:
ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912 வாக்கில் செட்டிநாட்டில் கட்டி முடித்த கானாடுகாத்தான் அரண்மனையைப் பற்றி யார் எழுதினாலும், இரண்டாம் பத்திக்குள் பர்மாவில் வட்டிக்கு விட்ட கதை வந்துவிடுகிறது. ஒரு வீட்டின் வரலாறு என்பது அதைக் கட்டிய கொத்தர், தச்சர்களின் வரலாறாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சுண்ணாம்புப் பூச்சின் மேற்படலத்தில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் குளிரும். அந்த வித்தை எந்த வட்டிக் கணக்கிலும் இல்லை.

ஐராவதி:
ஐயா, கைவேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வித்தைக்குக் கூலி கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது எப்படித் தவறாகும்? 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, அங்குள்ள ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் காட்டைத் திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தாரே, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களே, முதன்மையானவர்கள். அங்கே முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலம், 1938 வாக்கில் 25 விழுக்காட்டை எட்டியது. இதை விட்டுவிட்டுத் தேக்குத் தூணின் வழவழப்பை மட்டும் புகழ்ந்தால் அது விளம்பரத் துண்டறிக்கை.

செம்புறாங்கல்:
நீங்கள் சொல்லும் நிலம் கைமாறியது உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்த பிறகு. இந்த வீடு அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முந்தியது. மேலும், நகரத்தார் கேட்டது ரொக்கம். கடன் திரும்பாததால் நிலம் வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பர்மிய லேவாதேவிக்காரர் வாங்கிய வட்டியைவிட இவர்கள் வாங்கியது குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஐராவதி:
காலக்கணக்கு சரிதான். ஆனால் 1912க்கு முன் வந்ததும் அதே கழிமுகத்து வட்டிதானே! குறைந்த வட்டி என்பதால் கடன்பட்டவன் நிலம் அவனிடமே தங்கிவிடவில்லை.

வளவு:
இருவரும் ஆண்களின் கணக்கையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன மேலாளும் (கடையை நடத்தும் முகவர்) அடுத்தாளும் (அவருக்கு உதவியாளர்) மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறியபோது, முகப்புக்குப் பின்னால் வளவு என்னும் நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று அடுத்த தெருவரை நீளும் இத்தகைய வீடுகளை நடத்தியவர்கள் பெண்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. அதில் மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமான். கணவனும் மனைவியும் சேர்ந்தால் எங்கள் குடும்பக் கணக்கில் ஒரு புள்ளி. பெரிய கூடத்தைப் பார்த்து வியக்கும் கண், அந்தச் சிறிய அறைகளின் பூட்டுகளையும் பார்க்க வேண்டும். அரண்மனை என்று ஊர் அழைத்தாலும் அமைப்பு இதே அமைப்புதான்.

செம்புறாங்கல்:
ஆச்சி சொல்வதை ஏற்கிறேன். அது வீட்டுக்குள் நிற்கும் வரலாறு. என் மறுப்பு ரங்கூனைப் பற்றியதுதான்.

ஐராவதி:
ரங்கூனை விலக்கினால், செட்டிநாட்டில் இத்தனை வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கு என்ன விடை சொல்வீர்கள்? 1942இல் ஜப்பானியர் வந்ததும் ஓடிவந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வருமானம் நின்றது, பங்காளிகள் பெருகினார்கள், பல வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. உங்கள் தச்சரின் வேலையைப் பிரித்து விற்க வைத்ததும் அந்த பர்மாக் கதைதான்.

செம்புறாங்கல்:
வீழ்ச்சிக்கு அது காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதற்குக் கட்டடமும் ஊரமைப்பும்தான் அடிப்படை. கடன் பத்திரங்கள் அல்ல.

வளவு:
அந்தப் பட்டியலில் பதிவாகியிருப்பதே தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்றுதான், ஐயா. வணிகம் என்றால் கணக்கேடும் சேர்ந்ததுதான். அதை வீட்டுக்கு வெளியே வைத்துவிட முடியாது.