ஹேண்டில்பார் டேப்: வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மிதிவண்டிப் பராமரிப்பைக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பு ஒன்றுக்காக 32 பக்கக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். கோப்பு வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சங்கிலி, பற்சக்கரம், ஆரக்கால் என்று ஓடிக்கொண்டிருந்த வேலை, ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்பைப் பற்றிய பகுதியில் நின்றுவிட்டது.

நம் ஊர்ச் சாதாரண மிதிவண்டியில் ரப்பர் உறையைச் செருகினால் கைப்பிடி ஆயிற்று. செம்மறிக்கடாவின் கொம்பு போல முன்னே வளைந்து கீழிறங்கும் பந்தய வண்டியின் தண்டுக்கு அப்படி உறை போட முடியாது. ஏறத்தாழ 3 செ.மீ. அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள மெத்தென்ற பட்டை ஒன்றை முனையிலிருந்து நடுப்பகுதி வரை சுற்றிக்கொண்டே போக வேண்டும். பெட்டியில் இத்தகைய சுருள்கள் இரண்டும், பிரேக் லீவரின் வளையத்தை மறைக்கும் சிறு துண்டுகள் இரண்டும், தண்டின் முனைகளை அடைக்கும் மூடிகள் இரண்டும் இருக்கும்.

'டேப்' என்றே எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் ஒரே பத்தியில் சுற்றும் டேப், அதன் முதுகில் உள்ள பசை டேப், ஒயர் உறையைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் டேப், கடைசியில் இறுக்கி முடிக்கும் மின்பணியாளரின் டேப் என நான்கு டேப்புகள் வந்துவிட்டன. எதை உரிப்பது, எதை இழுப்பது, எதை வெட்டுவது என்று படிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன், தூய்மைக்காக அன்று.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அன்புள்ள அம்மையீர்,

நீங்கள் தேடும் சொல் பத்துப்பாட்டிலேயே இருக்கிறது. யாழின் கோடு வளைந்த தண்டு. அதன்மேல் வரிசையாகச் சுற்றிக் கட்டப்படும் வார்க்கட்டுக்குத் 'திவவு' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை அதனை மடந்தையின் முன்கையில் விளங்கும் குறுந்தொடிக்கு ஒப்பிடுகிறது. நெகிழவும் இறுகவும் வல்லது என்ற பொருளில் 'மெலிந்து வீங்கு திவவு' என்றும் கூறுகிறது. வளைந்த தண்டு, சுற்றிய வார், வளையல் அடுக்கியது போன்ற தோற்றம், இழுத்தால் இறுகும் தன்மை ஆகிய நான்கும் உங்கள் டேப்புக்கு அப்படியே பொருந்துகின்றன. மலைபடுகடாம் திவவுகளின் எண்ணிக்கையையும் தருகிறது: 'தொண்டு', அதாவது ஒன்பது. இந்தத் தொண்டு என்னும் பழம்பெயர் வழக்கொழிந்து, பத்துக்கு முந்தைய எண்ணுக்கு ஒன்பது என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

'நாடா' என்று யாரேனும் முன்மொழியும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அது பிறமொழியிலிருந்து வந்தது. ஒலிநாடா என்று முன்பு எழுதிப் பழகிவிட்டோம் என்பதற்காக அந்தப் பழக்கத்தை வளர்க்க வேண்டியதில்லை. இறந்துபோன ஒரு நல்ல சொல்லை எழுப்பும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுநர், ஈரோடு:

ஐயாவுக்கு வணக்கம்.

நாடா வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு நாடா என்றால் தறியில் பாவுக்கு இடையே ஊடு நூலைக் கொண்டு ஓடும் கருவிதான். நாடா இல்லாத் தறி என்ற சொல்லாட்சி எங்கள் பகுதியில் அன்றாடம் புழங்குகிறது. இங்கே வகுப்பு நடத்தினால் கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது தறியாகத்தான் இருக்கும்.

திவவை என்னால் ஏற்க முடியவில்லை. யாழின் திவவு நரம்பைக் கட்டி நிறுத்துவது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டு. மிதிவண்டித் தண்டில் இருப்பதோ தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாத ஒரே பட்டை. அதன் வேலை எதையும் கட்டுவதன்று. கை வழுக்காமலும், சாலையின் அதிர்வு உள்ளங்கையில் ஏறாமலும், வியர்வையை வாங்கிக்கொண்டும் இருப்பதே அதன் வேலை. நான் கலந்துகொள்ளும் நெடுந்தொலைவு நிகழ்வுகளில் 200 கிலோமீட்டர் பயணத்தை முடிக்க 13½ மணி நேரம் தருகிறார்கள். அதில் பெரும்பகுதி நேரம் உள்ளங்கை அந்தப் பட்டையின்மேல்தான் கிடக்கிறது. மோசமான பட்டையோடு ஒருமுறை போய்வந்தபின் என் சுண்டுவிரல் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. ஆகவே அதன் பெயரை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

'கைப்பிடிப்பட்டை' என்றும் சிலர் சொல்லக்கூடும். பேருந்தில் நின்று பயணம் செய்பவர் பிடித்துக்கொள்ளத் தொங்கும் வாரைத்தான் அது நினைவூட்டும். 'பிடிபட்டை' என்றால் பிடிபட்டவரைப் பற்றிய செய்தி போல ஒலிக்கிறது. நான் 'சுற்றுபட்டை' என்பதை முன்வைக்கிறேன். இது வினைத்தொகை, ஊறுகாய் போல. ஆதலால் இடையில் ப் மிகாது. பெட்டிக்குள் இருக்கையில் அது சுற்றப்போகும் பட்டை, தண்டில் ஏறியபின் சுற்றிய பட்டை. காலம் கரந்த பெயரெச்சம் இரண்டு நிலைகளையும் ஒரே சொல்லில் ஏந்திக்கொள்கிறது.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

வணக்கம். எங்கள் பக்கத்தில் பட்டை என்றால் மரப்பட்டையும் கறுவாப்பட்டையும்தான் முதலில் நினைவுக்கு வரும். சுற்றிக் கட்டுவதற்கும் அணிவதற்கும் உரியது 'பட்டி'; இடுப்புப்பட்டி, ஆசனப்பட்டி என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் பட்டி என்றால் ஊரும் ஆட்டுக் கொட்டிலும் ஆகிவிடும் என்பதை அறிவேன், ஆகவே வற்புறுத்தவில்லை. ஆயினும் கலைச்சொல்லை ஆக்கும்போது ஒரு கரையின் காதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்பதைப் பதிவு செய்கிறேன். 'சுற்று' என்ற முதற்பகுதி இரு கரைகளுக்கும் பொது. அது நல்ல தேர்வு.

மிதிவண்டிப் பட்டறை நடத்துபவர், சென்னை:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா, பெயர் எதுவானாலும் அதைப் படிப்பவர் கையில் சுருளை வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் நிற்பார் என்பதை மறக்க வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்; பெயர் அதிலிருந்தே கிடைக்கும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, விலை மிகுந்ததுதான் நல்லது என்று எழுதிவிடாதீர்கள். தக்கைத்தூள் கலந்த சாதாரண நுரைப்பட்டையே பெரும்பாலோருக்குப் போதும். மலிவானது, மெத்தென்றிருக்கும், வியர்வையையும் ஓரளவு வாங்கும். அதன் குறை, முரட்டுத்தனமாக இழுத்தால் அறுந்துவிடும் என்பது. பாலியூரித்தேன் பட்டை சற்று விலை கூடியது. ஆனால் இழுப்பைத் தாங்கும், துடைத்தால் அழுக்குப் போகும், ஆகையால் நாளடைவில் அதுவே சிக்கனமாகவும் அமையலாம். பருத்திப் பட்டை மெல்லியது. நன்றாக உழைக்கும், ஆனால் மெத்தை இராது. கனம் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. சிறிய கை உடையவர் இன்னும் தடித்ததை வாங்கினால் தண்டு பருத்துப்போய் விரல்கள் சுற்றி வளைக்க முடியாமல் தவிக்கும். வெள்ளைப் பட்டை கடையில்தான் அழகு.

பழையதைப் பிரித்ததும் தண்டைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர் வியர்வையும் கடற்காற்றும் பட்டைக்கு அடியில் அலுமினியத்தை அரித்து வைத்திருக்கும். குழி விழுந்த தண்டின்மேல் புதுப்பட்டை சுற்றுவது ஆபத்து.

சுற்றும்போது முனைக்கு வெளியே அரைப்பட்டை அகலம் நீட்டிக்கொண்டு தொடங்க வேண்டும். பிறகு அதை உள்ளே மடித்து மூடியால் அழுத்த வேண்டும். மூடி இல்லாத குழாய் முனை விழுந்தவரின் உடம்பைக் கிழித்துவிடும் என்பதை அழுத்தமாக எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏற வேண்டும். வளைவின் உட்புறத்தில் அது தானே கூடும், வெளிப்புறத்தில் குறையும். இடைவெளி தோன்றுவது எப்போதும் வெளிப்புறத்தில்தான். இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். திசையும் முக்கியம்: கீழ்ப்பகுதியைப் பிடிக்கும்போது கை வெளிப்பக்கமாகத் திருகும், மேல்பகுதியைப் பிடிக்கும்போது நம்மை நோக்கித் திருகும். அந்தத் திருகல் பட்டையை இறுக்கும்படி சுற்றினால் மலிவான பட்டையும் நெடுநாள் வரும். எதிர்த்திசையில் சுற்றினால் எவ்வளவு விலை கொடுத்ததும் சில வாரங்களில் நெகிழ்ந்து விலகும். இரண்டு பகுதிக்கும் திசை மாறுவதால், பிரேக் லீவரைச் சுற்றி வரும்போது பட்டையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முடிவில் பட்டையைச் சாய்வாக வெட்டினால்தான் ஓரம் தண்டுக்குச் செங்குத்தாக வந்து அமையும். அதன்மேல் மின்பணியாளரின் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கலாம்.

இத்தனையிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் சுற்று. அதைப் பெயரில் வைத்தால் பெயரே வேலையைச் சொல்லிக்கொடுக்கும். கடையில் கேட்கும்போது எல்லோரும் டேப் என்றுதான் கேட்பார்கள். அதையும் ஓரிடத்தில் போட்டுவிடுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

பட்டறைக்காரரின் மடலை இருமுறை படித்தேன். திருகும் கையே பட்டையை இறுக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. திவவுக்கு அந்தப் பண்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இறந்த சொற்களைத் தேடுவது வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

பட்டையை வடசொல் என்பார் உண்டு. பட்டாடையும் பட்டமும் எங்கிருந்து வந்தன என்ற வழக்கு வேறு. மரத்தின் பட்டை வேறு. மலையாளத்தாரும் கறுவப்பட்ட என்கிறார்கள். தக்கை என்பதே ஒருவகைக் கருவாலி மரத்தின் பட்டையிலிருந்து உரித்தெடுப்பதுதான். ஆகவே தக்கைத்தூள் கலந்த சுருளைப் பட்டை என்று அழைப்பது வடிவத்தால் மட்டுமன்றிப் பிறப்பாலும் பொருந்துகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: முனையை அடைப்பதற்குத் தக்கை என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் குழம்பும். மூடி என்பதே போதும்.

ஆனால் ஈரோட்டுத் தம்பியின் இலக்கணத்தை ஏற்பதற்கில்லை. சுற்றுச்சுவர், சுற்றுப்பயணம் போலச் 'சுற்றுப்பட்டை' என்று எழுதுவதே கண்ணுக்கும் நாவுக்கும் பழகியது.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்:

அனைவருக்கும் நன்றி. இன்று புதன்கிழமை இரவு. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒற்றோடு எழுத வேண்டும் என்போரே மிகுதி. தலைப்பில் 'ஹேண்டில்பார் டேப் என்னும் சுற்றுப்பட்டை' என்று ஒருமுறை எழுதிவிட்டு, பின்னர் முழுவதும் சுற்றுப்பட்டை என்றே எழுதியிருக்கிறேன். அதன் முதுகில் இருப்பது பசைக்கீற்று, ஒயர் உறையைக் கட்டுவதற்கும் முடிவில் இறுக்குவதற்கும் ஒட்டுநாடா, இங்கே வேறு வழியில்லை, முனையில் மூடி. நான்கு டேப்புகள் இருந்த பத்தியைக் குடும்பத்தில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன்; எதை உரிப்பது என்று அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து அம்மாவின் பட்டியை இரண்டாம் பதிப்பின் சொல்லடைவில் சேர்க்க முயல்கிறேன்.

நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுநர், ஈரோடு:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் சுற்றுச்சுவர் என்பது ஓரிடத்தைச் சுற்றி நிலையாக நிற்பது. நம் பட்டையோ கைகளால் இப்போது சுற்றப்படுவது. அந்த ஒற்று வினையைப் பெயராக்கி நிறுத்திவிடுகிறது என்றே இன்னும் கருதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தால் ப் இல்லாமல்தான் எழுதுவேன்.