குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா?

காம்பவுண்டு அக்கா:
திருப்பூரில் லைன் வீடு. ஏழு வீட்டுக்கு ஒரே குழாயடி, அதனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில் ஒளிவு மறைவு கிடையாது. மூன்றாவது வீட்டுப் பையன் நாலாம் வகுப்பு. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அவன் அப்பா என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வோம், நானும்தான். ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய் 1098-க்கு போன் செய்தேன். பேர் வெளியே வராது என்றார்கள், வரவும் இல்லை. ஆட்கள் வந்து விசாரித்தார்கள், அப்பாவைக் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு அனுப்பினார்கள், அதெல்லாம் சரி. பத்து நாள் கழித்து, குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான், "அக்கா, நீங்களா போன் பண்ணுனீங்க?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. "நான் இல்லடா" என்றேன். "ச்ச" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த "ச்ச"வுக்கு என்ன அர்த்தம் என்று ரெண்டு வருஷமாக யோசிக்கிறேன்.

ஈரோட்டான்:
நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கை தறிப்பட்டறையில் நைட் ஷிப்ட் போகிறவள், வேறு வழியில்லை. பிள்ளைகள் தனியாகக் கிடக்கின்றன என்று எவரோ புகார் கொடுத்து, காலையில் அவள் வந்து பார்த்தால் பிள்ளைகள் ரெண்டும் ஒரு குழந்தைகள் இல்லத்தில். ஆறு நாள் அலைந்தோம். திரும்பி வந்த சின்னவன் சாப்பிட்டதும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எண்ணிக்கோங்க" என்று நின்றான். அஞ்சு வயசு. இதை யார் கணக்கில் எழுதுவது?

சத்துமாவு டீச்சர்:
ஈரோட்டான் சார், கோபம் நியாயம்தான். ஆனால் புகார் கொடுத்தவரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. நான் அங்கன்வாடியில் இருக்கிறேன். ஒரு குழந்தை மூணு மாதமாக எடை ஏறவில்லை, அப்புறம் வருவதும் நின்றுவிட்டது. தேடிப் போனால் கதவு வெளியே தாழ் போட்டிருக்கிறது. திரும்பலாம் என்று காலெடுத்தபோது கதவுக்குக் கீழே இடுக்கு வழியாக நாலு விரல் வெளியே வந்து "டீச்சர்" என்றது. என் செருப்பைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறாள்! அவள் அம்மா கெட்டவளா? புருஷன் செத்து எட்டு மாதம், கட்டிட வேலைக்குப் போகிறாள், பிள்ளையை ரோட்டில் விடாமல் உள்ளே வைத்துத் தாழ் போட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது போலீஸ் இல்லை. மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வருவது, அதற்கு எழுதிக் கொடுத்தோம். பணம் வர நாளாயிற்று. அதுவரை பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பார்த்துக்கொண்டார்.

வாய்தா வக்கீல்:
எனக்கும் ஒரு அனுபவம், எங்கள் தெருவில் ஒரு சிறுமி, போன் செய்தேன், வந்தார்கள், முடிந்தது. எல்லோரும் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் சொல்வதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை, போக்சோ சட்டம் 2012, பிரிவு 19, தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் பிரிவு 21-இல் தண்டனை உண்டு. குழந்தையை உட்கார வைத்து நீங்களே திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு "அதிகபட்சம் பகிரவும்" என்று எழுதுகிற மகான்கள் இருக்கிறார்கள், அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்பு கொண்டுபோக வேண்டும், தலைவர் ஒருவர், உறுப்பினர் நாலு பேர். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்றுதான் 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. ஆகவே ஈரோட்டான் அவர்கள் அன்றே குழுவிடம் மனு கொடுத்திருக்க வேண்டும்.

காம்பவுண்டு அக்கா:
வக்கீல் சார், நான் சட்டம் கேட்கவில்லை. அந்தப் பையன் ஏன் "ச்ச" என்றான் என்று கேட்டேன்.

பேர் வேண்டாம்:
நான் மறுபக்கம். என் மேல்தான் புகார். கரண்டியால் அடித்தேன், ஒரு தடவை இல்லை. ரெண்டு பேர் வந்தார்கள், அதில் அந்த அம்மா என்னிடம் பேசிக்கொண்டே மகளின் கெண்டைக்காலைப் பார்த்ததை நான் பார்த்தேன். "அம்மா அடிப்பாங்களா கண்ணு?" என்று கேட்டதும் மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கண்ணாலேயே என்னிடம் கேட்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், கவுன்சிலிங் போனேன், கொஞ்ச காலம் மாதம் ஒரு தடவை வந்து பார்த்தார்கள். யார் போன் செய்தது என்று தெருவையே சபித்தேன், இப்போது தேடுவதில்லை. காம்பவுண்டு அக்கா, ஆமாம் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஈரோட்டான்:
டீச்சர், அந்த 4,000 எங்கே கேட்பது?

சத்துமாவு டீச்சர்:
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளியில் படிக்கிற சான்று, அப்பாவின் இறப்புச் சான்று எடுத்துப் போங்கள்.

ஈரோட்டான்:
சாகவில்லை டீச்சர். விட்டுட்டு ஓடிட்டான்.

சத்துமாவு டீச்சர்:
அதற்கும் உண்டு. தங்கையையே வரச் சொல்லுங்கள்.