வீட்டு முற்றத்துல இருக்கிறது தவளையா தேரையா?

சாட்ஸ்வொர்த்_லதா: வணக்கம், மழை பேஞ்சா போதும் எங்க முற்றத்து லைட்டுக்கு அடியில ஒண்ணு வந்து உக்காந்துக்குது, பூச்சி பிடிச்சு தின்னுது, பையன் தவளைங்கிறான், எங்க ஆயா சொறித்தவளை, தொட்டா மரு வரும்னு பயப்படுத்துறாங்க. எப்படி கண்டுபிடிக்கிறது? வீட்ல நாய்க்குட்டி வேற இருக்கு.

டர்பன்_தோட்டக்காரன்: லதாக்கா, அது தேரையாத்தான் இருக்கும், ஆயா சொல்ற சொறித்தவளையும் அதேதான். தோல் காஞ்சு முண்டும் முடிச்சுமா இருக்கும், பின்னங்கால் குட்டை, தத்தித் தத்திப் போகும். தவளைக்கு வழவழன்னு ஈரத்தோல், நீளக்கால், ஒரே தாவு. கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் புடைச்ச சுரப்பி இருக்கான்னு பாருங்க, அதான் தேரைக்கு நல்ல அடையாளம். நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் ஊர்ல அதிகமா பாக்குற தேரைக்கு தொடைப் பின்பக்கம் சிவப்பா இருக்கும், ராத்திரி குறட்டை மாதிரி கத்தும். முட்டையும் வேற, தேரை மணிமாலை மாதிரி கோத்து இடும், தவளை பெரும்பாலும் கொத்தா இடும். மரு வராதுக்கா, அது மனுஷ வைரஸ்ல வர்றது. ஆனா அந்தச் சுரப்பில விஷம் இருக்கு, நாய் கவ்வினா உடனே வாயை ஓரமா தண்ணி விட்டுக் கழுவுங்க, தண்ணி தொண்டைக்குள்ள போகாம தலையைக் கீழே சாய்ச்சுப் பிடிங்க, கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

மொரீசியஸ்_செல்வம்: அந்த டர்பன் தேரையத்தான் 1922ல எங்க தீவுக்குக் கொண்டு வந்தாங்க, கரும்பு வண்டைத் தின்னும்னு. இங்க ஆதியில தவளை, தேரை எதுவுமே கிடையாது. இப்ப காட்டுல இருக்கிற சின்ன நத்தைங்களைக்கூட தின்னுது, எனக்கு அதான் வருத்தம்.

சாட்ஸ்வொர்த்_லதா: ரொம்ப நன்றி தம்பி, டார்ச் அடிச்சுப் பாத்தேன், சுரப்பி நல்லாவே தெரியுது. ராத்திரி குட்டியை உள்ளயே வச்சுக்கிறேன்.