மேனேஜரிடம் முன்பே சொல்வதா, விண்ணப்பித்த பிறகு சொல்வதா?

வணக்கம். ஒரு குழப்பம், இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நாலு வருஷமாக ஒரே கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் உள் போர்ட்டலில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு அறிவிப்பு வந்தது. கேட்கிற தகுதியில் முக்கால்வாசி என்னிடம் இருக்கிறது. டீமின் மாதாந்திர ரிப்போர்ட்டை ஒன்றரை வருஷமாக நான்தான் போடுகிறேன் (பெயர் மட்டும் வேறொருவருக்கு, அது தனிக்கதை).

சிக்கல் என் மேனேஜர். படிவத்திலேயே ‘தற்போதைய மேலாளருக்குத் தெரியுமா?’ என்று ஒரு கட்டம். முன்பே சொல்லி, வேலையும் கிடைக்காமல் போனால் ‘கிளம்பப் பார்த்தவள்’ என்ற முத்திரை விழும். சொல்லாமல் போட்டாலோ, அந்தப் பிரிவு மேனேஜர் எப்படியும் இவரிடம் ஒரு வார்த்தை விசாரிப்பார். பிறர் வாயால் தெரிவதைவிட நானே சொல்வது மேல்தான். ஆனால் எப்போது? ஷார்ட்லிஸ்ட் ஆன பிறகா?

இன்னொன்று. இன்டர்வியூ எடுப்பவர் தினமும் பார்க்கிற முகம். என் வேலை அவருக்குத் தெரியும்தானே என்று சுருக்கமாகப் பேசினால் கோட்டை விட்டுவிடுவேன், வெளியாள் மாதிரியே எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்கிறாள் தோழி. சரிதானா?

சம்பளத்தில் பேரம் பேச இடமுண்டா, கொடுப்பதை வாங்கிக்கொள்வதுதானா?

கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருக்கிறது. ‘தைரியமா போடுங்க’ என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். நீங்கள் மேனேஜரிடம் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள், அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.